ஆங்கில வகுப்பில் இலக்கணமும் நாவலும்

ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாடுகளின் உயர்தரப் பாடசாலைகளில், ஆங்கிலப் பாடவேளை நெடுங்காலமாக இரு கூறாகப் பிரிந்தே நடந்து வந்துள்ளது. ஒரு நாள் இலக்கணம், மறுநாள் நாவல். இலக்கண நாளில் மாணாக்கர் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எனக் கூறுபடுத்திக் கோடிடுவர். நாவல் நாளிற் கதைமாந்தரின் குணநலன்களை வரிசைப்படுத்தி எழுதுவர். முன்னையதில் வாக்கியம் உண்டு; ஆயின் அதனைச் சொல்வார் எவரும் இலர், எவருக்குச் சொல்லப்பட்டது என்பதும் இல்லை. பின்னையதிற் சொல்வார் பலர் உளர்; ஆயின் அவர் சொல்லிய வாக்கியத்தை நின்று நோக்குவார் இலர். இப்பிரிவு இலக்கணத்தை உயிரற்றதாகவும், நாவல் வாசிப்பைக் கண்ணற்றதாகவும் ஆக்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இலக்கணம் நாவலுக்குப் பகையன்று. நாவலுள் மறைந்து கிடக்கும் தீர்ப்புகளைக் கண்டறிதற்குரிய கருவி அதுவேயாம். அஃது எவ்வாறென்பதை ஈண்டுச் சில நாவல்களைக் கொண்டு ஆராய்வாம்.

இப்பிரிவின் வேரை அறிதற்குப் பாடசாலை இலக்கண நூல்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1762இல் றொபேட் லோத் வெளியிட்ட ஆங்கில இலக்கணமும், 1795இல் லிண்ட்லி மறே வெளியிட்ட இலக்கணமும் பின்வந்த பாடநூல்களுக்கு வழிகாட்டிகளாயின. மறே அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் யோர்க் நகரையடுத்துக் குடியேறியவர். அந்நகரிலிருந்த பெண்கள் பாடசாலையொன்றின் தேவை கருதியே அவர் தம் நூலை எழுதினார். 1797இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலிற் பிழைபட்ட வாக்கியங்கள் நிரல்பட வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திருத்துதலே மாணாக்கர் கடன். இலத்தீனைக் கற்பித்த முறை அவ்வாறே ஆங்கிலத்தின்மேல் ஏற்றப்பட்டது. பேசுவோர் இல்லாத ஒரு மொழியைக் கற்பித்தற்கு ஏற்ற முறை, வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் பேசப்படும் மொழிக்கும் ஏற்றதாகக் கொள்ளப்பட்டமை வியப்பிற்குரியது. பின்னர் 1877இல் அமெரிக்கரான ரீட், கெலொக் என்னும் இருவர் தம் நூலில் வாக்கியத்தைக் கோட்டுருவமாக வரைந்து காட்டும் முறையைப் புகுத்தினர். அஃது அந்நாட்டுப் பாடசாலைகளிற் பெரிதும் பரவியது.

நாவலோ ஆங்கில வகுப்பிற்குப் பிந்தி வந்த விருந்து. 1921இல், கவிஞர் ஹென்றி நியூபோல்ட் தலைமையிலமைந்த குழு இங்கிலாந்தின் ஆங்கிலக் கல்வி பற்றி அறிக்கையொன்றை வெளியிட்டது. அது கல்வியின் நடுவிடத்தை இலக்கியத்திற்கு அளிக்க வேண்டுமென வற்புறுத்தியது. விருந்தினருக்கு இருக்கை கிடைத்தது. ஆயினும் பழைய வீட்டாரோடு உறவு ஏற்படவில்லை. இன்றும் இங்கிலாந்தில், பதினாறு வயதளவில் மாணாக்கர் எழுதும் பொதுப் பரீட்சையில் ஆங்கில மொழி ஒரு பாடமாகவும், ஆங்கில இலக்கியம் வேறொரு பாடமாகவும் நிற்கின்றன. 2015ஆம் ஆண்டு தொடங்கிய பாடத்திட்டத்தின்படி இலக்கியப் பாடத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலொன்று கட்டாயமாயிற்று. 2013 முதல், ஆரம்பக் கல்வியை முடிக்கும் சிறுவருக்கு இலக்கணம், நிறுத்தற்குறி, எழுத்துக்கூட்டல் என்பவற்றிற்குத் தனிப்பரீட்சை நடைபெறலாயிற்று. இரு கிளைகளும் தனித்தனியே வளர்ந்தன. அவை ஒரே அடிமரத்தன என்பது மறக்கப்பட்டது.

இலக்கணத்தைத் தனியே கற்பிப்பதாற் பயனுண்டா என்னும் வினாவை ஆராய்ச்சியாளர் பலர் எழுப்பியுள்ளனர். 1963இல் அமெரிக்காவில் பிறடொக் முதலிய மூவர் எழுதிய அறிக்கை, மரபிலக்கணக் கல்வி எழுத்துத்திறனை வளர்ப்பதில் மிகச் சிறிதே பயன்படும் என்றும், எழுத்துப் பயிற்சிக்குரிய நேரத்தைக் கவர்ந்துகொள்ளின் தீமையும் பயக்கலாம் என்றும் கூறியது. 1976இல் வெளிவந்த நியூசீலாந்து ஆய்வொன்று 248 மாணாக்கரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தது. ஒரு சாரார் புதுமுறை இலக்கணம் கற்றனர்; ஒரு சாரார் மரபிலக்கணம் கற்றனர்; ஒரு சாரார் இலக்கணத்திற்குரிய நேரத்தை வாசிப்பிலும் எழுத்திலும் செலவிட்டனர். இறுதியில் இம்மூவகையார் எழுத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1985இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியரின் தேசிய மன்றம், தனித்து நிற்கும் இலக்கணப் பயிற்சிகளுக்கு எதிராகத் தீர்மானமே நிறைவேற்றியது.

இவற்றைக் கண்டு இலக்கணமே வேண்டாவென முடிவு செய்தல் தகுமா? தகாது என்க. 2012இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு 31 பாடசாலைகளில் 744 மாணாக்கரை உட்படுத்தியது. அதில் இலக்கணம் தனிப்பாடமாகாது, எழுத்துக் கல்வியினுள்ளே, பொருள் விளைவோடு பொருத்திக் கற்பிக்கப்பட்டது. அவ்வாறு கற்ற மாணாக்கரின் எழுத்து மற்றையோர் எழுத்தைவிட மேம்பட்டது. முன்னரே திறமை மிக்கோர் கூடுதலான பயன் பெற்றனர். ஆசிரியரின் இலக்கண அறிவும் விளைவைப் பாதித்தது. ஆகவே குற்றம் இலக்கணத்தினுடையதன்று, அதனைத் தனியே சிறையிட்ட முறையினுடையது என்று கருத இடமுண்டு.

ஆயினும் இவ்வாய்வுகள் யாவற்றையும் நோக்குமிடத்து ஒரு குறை புலனாகின்றது. இலக்கணத்தின் பயனை அளக்க இவர் கையாண்ட அளவுகோல் மாணாக்கரின் எழுத்து ஒன்றே. இலக்கணம் கற்ற மாணாக்கன் பிழையின்றி எழுதுகின்றானா, அழகுற எழுதுகின்றானா என்பதே வினா. இலக்கணம் கற்றவன் நன்றாக வாசிக்கின்றானா என்னும் வினா இவற்றில் முன்னிற்கவில்லை. வாழ்நாளில் நாவல் எழுதுவோர் மிகச் சிலர். பிறர் எழுதியதை வாசித்து, அதனால் ஆளப்படுவோர் அனைவரும். வாசிப்பிற்கு இலக்கணம் என்ன செய்யும் என்பதே நாம் முதற்கண் கேட்கத்தக்கது.

1945ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வெளிவந்த ஜோர்ஜ் ஓவெலின் ‘விலங்குப் பண்ணை’ பல நாடுகளில் வகுப்பறை நாவலாகப் பயிலப்படுவது. அதனைக் கற்பிப்போர் பெரும்பாலும் ருஷ்யப் புரட்சியின் வரலாற்றை விளக்கி, இப்பன்றி இன்ன தலைவனைக் குறிக்கும், அப்பன்றி இன்னானைக் குறிக்கும் என ஒப்புமை காட்டி முடிப்பர். அது வேண்டுவதே. ஆயினும் அந்நாவலின் நடுவிலே நிகழும் குற்றம் ஓர் இலக்கணக் குற்றமாகும் என்பதனைக் காட்டுவோர் சிலரே. களஞ்சியச் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மூன்று பின்னர் இரகசியமாக மாற்றப்படுகின்றன. கட்டிலில் உறங்குவதைத் தடுத்த கட்டளையில் ‘விரிப்புகளோடு’ என்னும் கருத்தும், மதுவருந்துவதைத் தடுத்ததில் ‘அளவிறந்து’ என்னும் கருத்தும், கொலையைத் தடுத்ததில் ‘காரணமின்றி’ என்னும் கருத்தும் சேர்கின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் இரண்டே சொற்கள். பழைய சொல் ஒன்றேனும் அழிக்கப்படவில்லை. அடைமொழி ஒன்று சேர்ந்தது, விலக்கு அனுமதியாயிற்று.

அடைமொழி தான் சார்ந்த பொருளைக் குறுக்கும் என்பது இலக்கண வகுப்பில் மாணாக்கன் மனனஞ் செய்யும் விதி. அவ்விதி ஓர் உயிரின் கழுத்தில் விழுவதை அவன் காண்பது இந்நாவலிலேயாம். காரணமின்றிக் கொல்லற்க என்பது காரணத்தோடு கொல்லலாம் என்பதை உள்ளடக்கியது. காரணத்தை வகுப்பவனோ கொல்பவனே. அவ்வாறே, பண்ணை விலங்குகளின் உணவுப்பங்கு குறைக்கப்படும்போது அச்செய்தி செயப்பாட்டு வினையில் வருகின்றது. மாற்றஞ் செய்தல் அவசியமெனக் காணப்பட்டதாம். கண்டவர் யாவர் என்பது வாக்கியத்தில் இல்லை. குறைப்பு என்னும் பெயரும் விலக்கப்பட்டுச் சீரமைப்பு என்னும் பெயர் இடப்படுகின்றது. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றுக என்னும் வினா பரீட்சைத் தாளில் ஆயிரம் முறை வந்திருக்கும். அவ்வினாவை இவ்விடத்தில் எழுப்பினால், மாணாக்கன் எழுவாயைத் தேடிப் புறப்படுவான். அத்தேடல் அவனை அதிகாரத்தின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தும்.

சாள்ஸ் டிக்கின்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ 1852, 1853ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளிவந்த பெருநாவல். இலண்டன் நகரின் மூடுபனியையும் சான்சரி நீதிமன்றத்தையும் அதன் முதலதிகாரம் வருணிக்கின்றது. அவ்வருணனையின் தொடக்கத்தில் வாக்கியம் வாக்கியமாகத் தேடினும் முதன்மை வினைமுற்றைக் காண்டல் அரிது. பெயர்கள் நிற்கின்றன, எச்சங்கள் தொங்குகின்றன, முற்று இல்லை. இலக்கண ஆசிரியர் இதனை முற்றுப்பெறாத வாக்கியம் எனச் சிவப்பு மையாற் கோடிடுவர். இலக்கிய ஆசிரியர் இதனைச் சிறந்த வருணனை எனப் பாராட்டிக் கடந்து செல்வர். இருவரும் ஒன்றுசேர்ந்தாலன்றி உண்மை வெளிப்படாது. அந்நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குத் தலைமுறை தலைமுறையாக முடிவுறாதது. இறுதியில் அது முடிவதும் தீர்ப்பினாலன்று. வழக்குச் செலவு சொத்து முழுவதையும் விழுங்கிவிட்டமையால். முடியாத வழக்கினை முடியாத வாக்கியத்தாற் கூறினார் டிக்கின்ஸ். வினையின் முடிபைக் குறிக்க முற்று என்றும், முடியாமையைக் குறிக்க எச்சம் என்றும் பெயரிட்ட மொழியினராகிய நமக்கு இது விளங்குதல் எளிது.

இன்னுமொன்று. அந்நாவலில் ஒரு பகுதியைப் பெயரறியாத ஒருவர் நிகழ்காலத்திற் கூறுகின்றார். மற்றொரு பகுதியை எஸ்தர் என்னும் பெண் தன்மையிடத்தில் இறந்தகாலத்திற் கூறுகின்றாள். ஒருவர்க்கு எதுவும் முடியவில்லை. மற்றவளுக்கு யாவும் நடந்து முடிந்து, நினைவாய் அமைந்துவிட்டன. காலங்காட்டும் வினை வாய்பாட்டை ஒப்பித்த மாணாக்கன், காலம் என்பது கடிகாரத்தைப் பற்றியது மட்டுமன்று, உலகத்தின்மேல் ஒருவர் கொண்ட நிலையைப் பற்றியதுமாகும் என்பதனை இங்கே அறிவான்.

1815ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் ‘எம்மா’ வேறொரு நுட்பத்தைக் கற்பிக்கும். எல்ற்றன் என்னும் மதகுரு தன் தோழி ஹரியற்றை விரும்புவதாக எம்மா நம்புகின்றாள். உண்மையில் அவர் நாடியது எம்மாவையே. அவளுடைய தவறான நம்பிக்கையை ஆசிரியை பலவிடத்தும் ‘என்று எம்மா எண்ணினாள்’ என முடித்துக் காட்டுவதில்லை. நேர்கூற்றுமன்றி அயற்கூற்றுமன்றி இடைப்பட்டதொரு நடையில், படர்க்கையிலும் இறந்தகாலத்திலும், ஆசிரியையின் சொந்தக் கூற்றே போல வைத்துவிடுகின்றார். நேர்கூற்றை அயற்கூற்றாக்குக என்னும் பயிற்சியைப் பலநாட் செய்த மாணாக்கனும், இது யார் கூற்று எனக் கேட்கப் பழகாவிடின் எம்மாவோடு சேர்ந்தே ஏமாறுவான். அவ்வாறு ஏமாறுதலே முதல் வாசிப்பின் இன்பம். எவ்விடத்தில், எச்சொல்லால் ஏமாற்றப்பட்டோம் எனத் திரும்பிச் சென்று காணுதலே இரண்டாம் வாசிப்பின் அறிவு. பிறர் எண்ணத்தை உண்மையெனக் கொண்டு வாழ்வோர் நாவலுக்குப் புறத்தேயும் பலர் அன்றோ?

வழு என்பது யாது என்னும் வினாவிற்கும் நாவலே விடை தரும். மார்க் ருவெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1884இல் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. கதையைக் கூறும் சிறுவனின் மொழி, பாடசாலை இலக்கணத்தின்படி பக்கந்தோறும் வழுவுடையது. நாவலில் வெவ்வேறு வட்டார வழக்குகள் கையாளப்பட்டுள்ளன என்பதனை ஆசிரியர் முகப்பிலேயே அறிவித்துள்ளார். அச்சிறுவனின் வாக்கியங்களைத் திருத்தி எழுதுக என மறேயின் வழியில் வினா அமைப்பின், மாணாக்கர் எளிதில் திருத்துவர். திருத்தியபின் சிறுவன் இரான். செம்மொழி பேசுவோர் பலர் அடிமை முறையை அறமெனக் கொண்ட சமுதாயத்தில், வழுமொழி பேசும் சிறுவனே தப்பியோடிய அடிமையைக் காட்டிக்கொடுக்க மறுக்கின்றான். மொழியின் திருத்தம் வேறு, நெஞ்சின் திருத்தம் வேறு என்னும் பாடம் இலக்கணத்தை அறிந்தோர்க்கே முழுமையாக விளங்கும். வழுவென்று அறியாதவனுக்கு அவ்வழுவின் பெருமையும் தெரியாது.

இலக்கணத்தையும் இலக்கியத்தையும் இணைத்து நோக்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. இலக்கியத்தைக் கண்டே இலக்கணம் வகுக்கப்படும் என்பது நன்னூலார் கொள்கை. நம் உரையாசிரியர்கள் நூலை விளக்குங்கால், பொருள் மயங்குமிடத்தில் நின்று, இது வினையெச்சம், இது வேற்றுமைத்தொகை, இவ்வும்மை எச்சப்பொருட்டு எனக் குறிப்பெழுதிச் செல்வர். பரிமேலழகர் உரையில் இலக்கணக் குறிப்புப் பொருளுக்குப் பணி செய்கின்றது. குறளானது இலக்கணத்திற்கு உதாரணமாக வந்து நிற்கவில்லை. இவ்வொழுங்கை மறத்தலாகாது. பிற்காலப் பரீட்சைகளில் இலக்கணக் குறிப்புத் தருக என்னும் வினா பொருளினின்று பிரிந்து இரண்டு மதிப்பெண்ணுக்குரிய சரக்காயிற்று. ஆங்கில வகுப்பிற்கு நேர்ந்த கேடு நமக்கும் நேர்ந்துள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். நாவலை இலக்கண உதாரணங்களைத் தோண்டியெடுக்கும் சுரங்கமாக்கிவிடின், தனியிலக்கணத்தினும் பெருந்தீமை விளையும். ஒவ்வோரதிகாரத்தின் முடிவிலும் பத்து வினா, பின்னர் ஐந்து பயிற்சி என ஒரு தவணை முழுவதும் இழுத்தடித்தால், மாணாக்கர் கதையின் தலையை மறந்த பின்னரே காலைக் காண்பர். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் நடத்தி, பத்தாண்டுகளுக்குள் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நோக்கத்தக்கது. 20 ஆசிரியர்கள் பன்னிரண்டு பதின்மூன்று வயதினரான தம் மாணாக்கரோடு 12 வாரத்தில் இரண்டு கடினமான நாவல்களை முழுமையாக, விரைவாக வாசித்தனர். மாணாக்கரின் வாசிப்புத்திறன் சராசரியாக எட்டரை மாத வளர்ச்சி பெற்றது. வாசிப்பில் நலிந்தோர் பதினாறு மாத வளர்ச்சி பெற்றனர். நலிந்தோருக்குச் சிறு துண்டுகளே ஏற்றவை என்னும் கருத்தை மீண்டும் ஆராய இது தூண்டுகின்றது.

ஆதலின் செய்யத்தக்க முறை இதுவெனத் தோன்றுகின்றது. முதலில் நாவலை இடையறாது, கதையின்பங் கெடாது, இறுதிவரை வாசித்தல் வேண்டும். பின்னர் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மட்டும் திரும்பிவந்து, அந்நாவலுக்கே உயிராயமைந்த ஓர் இலக்கணக் கூற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். விலங்குப் பண்ணைக்கு அடைமொழி. பிளீக் ஹவுஸிற்கு முற்றும் காலமும். எம்மாவிற்குக் கூற்று வகை. பயிற்சி, மாற்றிப் பார்த்தலாக அமையட்டும். அடையை நீக்கிப் பார், செய்வினையாக்கிப் பார், முற்றை இட்டுப் பார். மாற்றியவிடத்து எது இழக்கப்பட்டது என்பதே வினாவாகட்டும். இதற்கு ஆசிரியருக்கு இலக்கணமும் வேண்டும், நாவலின் அறிவும் வேண்டும். ஒன்றிலே வல்லவர் மற்றொன்றை வெறுக்கும் நிலை நீடிக்கும்வரை மாணாக்கருக்கு விமோசனமில்லை.

நம் நாட்டு வகுப்பறைக்கு இம்முறையை அப்படியே பெயர்த்துக்கொணர்தல் இயலாது. மேற்காட்டிய ஆய்வுகள், ஆங்கிலம் வழங்கும் நாடுகளிற் பயிலும் மாணாக்கரை நோக்கியவை. தமிழ் பேசும் மாணாக்கனுக்கு ஆங்கில வாக்கியத்தை அமைத்தற்கே இலக்கணம் வேண்டும். நாவலை வாசித்த அளவில் அது தானே வந்தெய்தும் என நம்பியிருத்தல் அவனுக்குச் செய்யும் அநீதியாகும். ஆயினும் அவனுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. இரு மொழிகளின் வேறுபாடே அவனுக்கு ஆசிரியனாகும். தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வந்து வாயிலை அடைத்துவிடும். காரணமின்றி என்னும் சொல்லைப் புகுத்த வேண்டின் வினைக்கு முன்னே இடம் பிளக்க வேண்டும். சுவரில் எழுதிய கட்டளையாயின் சுண்ணாம்பு கொண்டு அழித்தே எழுத வேண்டும். ஆங்கிலத்திலோ வினைக்குப் பின்னும் வாயில் திறந்தே கிடக்கும். இரவோடிரவாக இரு சொல்லைக் கடையில் ஒட்டிவிடலாம். இவ்வேறுபாட்டை ஒரு முறை கண்ட மாணாக்கன் ஆங்கில வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை விழித்திருந்து வாசிப்பான்.

அவ்விழிப்பே இங்கு வேண்டப்படுவது. விலங்குப் பண்ணையில் உழைப்பாளியாகிய குதிரை பொக்ஸர் நான்கெழுத்துக்கு மேற் கற்கவில்லை. குளோவர் என்னும் குதிரைக்கு ஏதோ மாறியிருக்கின்றதென்ற ஐயம் உண்டு. ஆயினும் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்க அதற்கு இயலாது. மூரியல் என்னும் ஆடு சுவரிலுள்ளதை வாசித்துக் காட்டும், வாசித்தபடியே நம்பியும்விடும். நன்றாக வாசிக்கவல்ல கழுதை பெஞ்சமினோ வாசிக்க மறுத்து வாளாவிருக்கும். இறுதியில் அது வாசித்துக் காட்டும்போது சுவரில் எஞ்சியிருப்பது ஒரே கட்டளை. சமம் என்னும் சொல்லுக்கு ஏற்றத்தாழ்வு கற்பித்த அக்கட்டளையின் இலக்கண முரணை உணர்ந்தும் செய்யத்தக்கது எதுவுமில்லாத காலம் அது. கல்லாதார், ஐயமிருந்தும் வாசிக்க இயலாதார், எழுத்தை மட்டும் வாசிப்பார், கற்றும் வாய்திறவாதார் என நால்வகையினரும் அப்பண்ணையில் உளர். சொல்லின் அமைப்பை நோக்கி, உரிய காலத்தில் வினாவும் ஐந்தாம் வகையினர் அங்கே இலர். அத்தகையோரை ஆக்குதற்கன்றி இலக்கணப் பாடவேளையும் நாவற் பாடவேளையும் வேறெதற்கு?